வண்டி பிறந்த மாதம்

மலைச்சாலையை அகலப்படுத்த மண் அள்ளிக்கொண்டிருந்த இயந்திரம் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு காரை இழுத்து மேலே போட்டது. காணாமல் போனவர்களின் குடும்பச் சங்கத்திலிருந்து தொலைபேசி வந்தபோது வதாத் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"வெள்ளை மெர்சிடிஸ். நம்பர் பலகை இல்ல. உங்க அண்ணன் வண்டி எந்த வருஷத்துது?"

"எழுபத்தி நாலு" என்றாள் வதாத். கையிலிருந்த கத்தியைக் கீழே வைக்க அவளுக்குத் தோன்றவில்லை.

அவளுடைய அண்ணன் ஃபுவாத் பெய்ரூத்துக்கும் ஸஹ்லேவுக்கும் நடுவே வாடகைக் கார் ஓட்டியவன். லெபனானில் உள்நாட்டுப் போர் தொடங்கிய மறுவருஷம் வசந்தத்தில், மலையில் தனியாக இருந்த மாமியாரை நகரத்துக்கு அழைத்து வரக் கிளம்பினான். அந்த அம்மாள் துணிமணிகளைக் கட்டி வைத்துக்கொண்டு இருட்டும்வரை வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். மருமகன் வரவில்லை. அதன்பிறகு அவனைப் பார்த்ததாகச் சொல்ல ஒருவரும் இல்லை.

இந்த நாற்பது சொச்ச வருஷத்தில் வதாத் ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். அண்ணன் செத்துவிட்டான், எங்கே என்பதுதான் தெரியவில்லை. அவன் மனைவி சிஹாம் அந்த முடிவுக்கு வரவே இல்லை. மறுமணம் வேண்டாம் என்றாள். வீடு மாறச் சொன்னால், "அவர் வந்தா எங்க தேடுவார்?" என்றாள். குண்டு விழுந்து பழைய வீடு எரிந்த பிறகும் அதே தெருவில், எதிர்ச்சாரியிலேயே வேறு வீடு பிடித்தாள். அதன் பால்கனியிலிருந்து பழைய வாசல் தெரியும், அந்தக் கதவை அவள் சாத்தியதே இல்லை.

அன்று சாயங்காலம் வதாத் போய் விஷயத்தைச் சொன்னதும் சிஹாம் டிவியின் சத்தத்தைக்கூடக் குறைக்கவில்லை.

"வெள்ளை மெர்சிடிஸ் இந்த நாட்டுல எத்தனை இருந்துச்சுன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும் அண்ணி. அதனாலதான் பார்த்துட்டு வருவோம்ங்கிறேன்."

"பார்த்தா தெரிஞ்சிடுமா? துருப்பிடிச்ச தகரம்."

"வண்டி விஷயம் தெரிஞ்சவர் ஒருத்தர் வர்றார். நீங்க வரலேன்னா நான் மட்டும் போறேன்."

சிஹாம் வந்தாள். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தாள், வழி முழுக்க அதைக் கழற்றவே இல்லை.

தெரிந்தவர் என்பது டாக்டர் நூபார். புர்ஜ் ஹம்மூதில் பல் டாக்டர், ஆர்மீனியர், வாய் ஓயாதவர். சம்பாதித்ததையெல்லாம் பழைய மெர்சிடிஸ்களில் கொட்டியவர். எந்த வண்டியையும் பார்த்து அது தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த வருஷத்தையும் மாதத்தையும் சொல்லுவார், தப்பாகச் சொன்னால் ராத்திரி தூங்கமாட்டார் என்று அவரைப் பற்றிச் சிரிப்பாகப் பேசிக்கொள்வார்கள்.

ஒப்பந்தக்காரனின் கொட்டகையில் கார் கிடந்தது. கூரை நசுங்கியிருந்தது. முன்பக்கம் மடங்கியிருந்தது. இருக்கைகளின் கம்பிச்சுருள்களுக்குள் மண் இறுகிப் போயிருந்தது. கொட்டகைக்குக் கீழே, வண்டி கிடந்த பள்ளத்தில் இரண்டு பேர் மண்ணைச் சல்லடையில் சலித்துக்கொண்டிருந்தார்கள். என்ன தேடுகிறார்கள் என்று வதாத் கேட்கவில்லை.

நூபார் கோட்டைக் கழற்றிவிட்டுக் கையுறை மாட்டினார். "என் பொண்டாட்டி இப்ப என்னைப் பார்த்தா விவாகரத்துதான்" என்று சொல்லிக்கொண்டே மண்ணில் படுத்து வண்டிக்கு அடியில் நகர்ந்தார். வெளியே வந்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை.

"வண்டியோட அடிச்சட்டத்துல பொறிச்ச நம்பரை துரு தின்னுடுச்சு. தொழிற்சாலைத் தகட்டையும் காணோம், யாரோ கழட்டியிருக்காங்க. வண்டிக் காகிதம் ஏதாவது இருக்கா மதாம்?"

"வீட்டோட எரிஞ்சுபோச்சு" என்றாள் சிஹாம்.

"சரி. அப்ப வண்டியையே கேட்கலாம்."

பின்பக்கக் கண்ணாடி உடையாமல் தப்பியிருந்தது. அதன் கீழ் மூலையை ஈரத்துணியால் துடைத்துவிட்டு வதாத்தைக் கூப்பிட்டார். நகத்தளவு முத்திரை. அதில் தயாரித்தவர் பெயர், அதற்குக் கீழே ஒரு நாலு, அதன் பக்கத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள்.

"நாலுங்கிறது வருஷத்தோட கடைசி எண். புள்ளி மாசத்தைச் சொல்லும். வருஷ ஆரம்பத்துல வார்த்த கண்ணாடி."

"அறுபத்தி நாலா, எழுபத்தி நாலா, எண்பத்தி நாலா?" என்று வெடுக்கென்று கேட்டாள் சிஹாம்.

"நல்ல கேள்வி. இந்த ரகம் அறுபத்தெட்டுலதான் வந்துச்சு, எழுபத்தாறோட நிறுத்திட்டாங்க. அதனால எழுபத்தி நாலுதான். கண்ணாடி வந்து கொஞ்ச வாரத்துல வண்டியில ஏத்திடுவாங்க. மார்ச், ஏப்ரல்ல இந்த வண்டி பிறந்திருக்கணும். உங்க வீட்டுக்காரர் எப்ப எடுத்தார்?"

வதாத்தான் சொன்னாள். "ஜூன்ல. துறைமுகத்துல போய் எடுத்தோம். நானும் போயிருந்தேன்."

கப்பலில் வரும் காலத்தையும் கூட்டினால் கணக்கு சரியாக வந்தது. சரி, இதுதான், இனி அந்தச் சல்லடையில் வதாத் கிடைப்பதை வாங்கிக்கொண்டு போய் அடக்கிவிடலாம் என்று நினைத்தாள். அப்படி நினைத்ததில் ஒரு நிம்மதி இருந்தது. அந்த நிம்மதியைக் கண்டு அவளுக்கே கூச்சமாகவும் இருந்தது.

நூபார் பல்லைப் பார்க்கும் சின்னக் கண்ணாடியைப் பையிலிருந்து எடுத்தார். அதை இஞ்சினுக்குப் பின்னால் இடுக்கில் நுழைத்து டார்ச் அடித்தார். பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்தார். மறுபடி பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"என்ன டாக்டர்?"

"இஞ்சினோட இரும்பை உருக்கி ஊத்தும்போதே தேதியும் அச்சுல விழுந்துடும். இதுல எழுபத்தெட்டுன்னு இருக்கு."

சிஹாம் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். "அவர் போனது எழுபத்தி ஆறு."

"ஆமா மதாம்."

"அப்ப இது அவர் வண்டி இல்ல. நான் சொன்னேன்ல வதாத்? வா, போகலாம்." அவள் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்க வதாத்துக்குப் பாவமாக இருந்தது.

"அவசரப்படாதீங்க. வண்டி எழுபத்தி நாலுதான். இஞ்சின்தான் பிந்தினது. அடுத்த ரக வண்டியிலயும் இதே இஞ்சினைத்தான் போட்டாங்க. இங்க உட்காரவைக்க ஒரு மெக்கானிக்கும் ரெண்டு நாளும் போதும்." அவர் தயங்கினார். "இன்னொண்ணு இருக்கு. எல்லாக் கண்ணாடியிலயும் துண்டாவது மிஞ்சியிருக்கு, எல்லாத்துலயும் அதே நாலு. இடது பின்கதவோட சின்ன முக்கோணக் கண்ணாடியில மட்டும் முத்திரையே இல்ல. ஓரத்தைப் பாருங்க, கையால வெட்டித் தேய்ச்சது. இது தொழிற்சாலைக் கண்ணாடி இல்ல."

வெளியே நடந்துகொண்டிருந்த சிஹாம் நின்றாள். மெதுவாகத் திரும்பி வந்து அந்தக் கதவுக்கு முன்னால் குனிந்தாள். முக்கோணக் கண்ணாடியின் ஓரத்தில் விரலை வைத்தாள்.

"கல்யாணம் முடிஞ்சு தேவதாரு மரக்காட்டுக்குப் போனோம்" என்றாள். யாரிடம் சொல்கிறாள் என்று தெரியவில்லை. "சாவியை உள்ளேயே வெச்சுப் பூட்டிட்டேன். புது வண்டி. நான் பயந்துட்டேன், திட்டுவார்னு. அவர் ஒரு கல்லை எடுத்தார். 'கண்ணை மூடிக்கோ, உன் எதிரியை அடிக்கப் போறேன்'னு சொல்லிட்டு இதைத்தான் உடைச்சார். சிரிச்சுக்கிட்டே உடைச்சார். வதாத், உனக்குக்கூடத் தெரியாது. ஊருக்கு வந்ததும் மஸ்ரா பக்கம் ஒரு கண்ணாடிக் கடையில வெட்டிப் போட்டுட்டோம், உங்கம்மாவுக்குத் தெரியக்கூடாதுன்னு."

அப்புறம் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். வதாத் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். கீழே சல்லடைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

இஞ்சின் விஷயத்தை முதலில் புரிந்துகொண்டவள் வதாத்தான். "அண்ணன் போனதுக்கப்புறமும் இதை யாரோ ஓட்டியிருக்காங்க. இஞ்சின் தேயற அளவுக்கு ஓட்டி, புதுசும் மாத்தியிருக்காங்க. அப்படித்தானே டாக்டர்?"

நூபார் தலையாட்டினார்.

"அப்ப இங்க சலிக்கிறதுல ஒண்ணும் கிடைக்காது."

"இங்க கிடைக்காது. ஆனா ஓட்டினவன் எங்கயோ இருக்கான்."

ஓட்டினவனைக் கண்டுபிடிப்பது அவ்வளவு கஷ்டமாக இருக்கவில்லை. மேலேயிருந்த கிராமத்தில் ஒரே ஒரு ரொட்டிக்கடை. தைம் இலைப்பொடி தூவிய ரொட்டி வாங்கிக்கொண்டே நூபார் அந்தக் காரைப் பற்றி நாலு வார்த்தை கேட்டார். கடைக்காரப் பெண்ணின் முகம் மாறியது. "அப்பாகிட்ட கேளுங்க" என்று உள்ளே கைகாட்டினாள்.

அவள் அப்பா மெல்ஹிம் மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு சாய்வு நாற்காலியில் இருந்தார். வந்தவர்கள் யார் என்று நூபார் சொல்ல ஆரம்பித்தபோதே கையைத் தூக்கித் தடுத்தார்.

"தெரியும். மிஷின்காரன் அதை வெளியே எடுத்த அன்னிக்கே யாராவது வருவீங்கன்னு தெரியும்."

"நீங்கதான் ஓட்டினீங்களா?" என்றாள் வதாத்.

"நான்தான். மாவு ஏத்தினேன். இஞ்சின் போச்சு, அடிபட்ட வண்டி ஒண்ணுலேர்ந்து எடுத்துப் போட்டேன். எண்பத்தி மூணுல பிரேக் பிடிக்கல. நான் குதிச்சுட்டேன், அது போயிடுச்சு."

"யார் குடுத்தாங்க?"

அவர் மூச்சை இழுத்தார். "கீழ பள்ளிக்கூடத்துல துப்பாக்கியோட பசங்க தங்கியிருந்தாங்க. ரோட்டை மறிச்சு நிப்பாங்க. நான் அவங்களுக்கு ரொட்டி குடுத்தேன். குடுக்காம இருக்க முடியுமா? ரொட்டிக்குப் பதிலா ஒருநாள் அந்தச் சாவியைக் கையில வெச்சாங்க."

"வண்டிக்காரர் எங்கேன்னு கேட்கலையா?" இது சிஹாம்.

"கேட்கல."

"ஒரு வார்த்தைகூடவா?"

"கேட்டா என்ன ஆகும்னு தெரியும் சகோதரி. கேட்கல." அவர் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. "பள்ளிக்கூடத்துக்குப் பின்னால பழைய ஒலிவ எண்ணெய்ச் செக்கு ஒண்ணு இருக்கு. அதுல ஒரு கிணறு. அந்த வருஷம் கோடையில அதை மூடிட்டாங்க. நல்ல தண்ணி இருந்த கிணறு" என்றார்.

சிஹாம் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வெளியே போய்விட்டாள்.

அனுமதி வாங்குவதற்கே குளிர்காலம் முழுதும் போயிற்று. கிணற்றைத் தோண்டியதில் நான்கு பேரின் எலும்புகள் கிடைத்தன. வதாத்தின் எச்சிலை எடுத்து மரபணுச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்த அன்று சிஹாம் அதைப் படித்துக் காட்டச் சொல்லவில்லை. வதாத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு, எழுந்துபோய்ப் பால்கனிக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

துக்கம் விசாரிக்க வந்தவர்களில் பாதிப்பேர் ஃபுவாதைப் பார்த்ததே இல்லை. துக்க வீட்டு வழக்கப்படி சர்க்கரை இல்லாத காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, இத்தனை வருஷத்துப் பழைய சாவுக்கு முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். நூபார் பெரிய டை கட்டிக்கொண்டு வந்து கடைசி நாற்காலியில் அமர்ந்தார்.

அடக்கம் செய்யப் போகும்முன் இமாம் விவரம் கேட்டார். அவர் இளைஞர், புதிதாக வந்தவர். சுவரில் இருந்த இளைஞனின் படத்தையும் எதிரே சிஹாமின் நரைத்த தலையையும் பார்த்துவிட்டுப் பணிவாகக் குனிந்தார்.

"இறந்தது உங்க மகனாம்மா?"

"இல்ல" என்றாள் சிஹாம். "என் வீட்டுக்காரர்."

"அவருக்கு என்ன வயசு?"

"இருபத்தொன்பது."

அதைச் சொல்லி முடித்ததும்தான் அவள் அழ ஆரம்பித்தாள். வதாத் அவள் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டே நின்றாள். போதும் என்று சொல்லவில்லை. வெளியே பெட்டியைத் தூக்க வந்தவர்களும் காத்துக்கொண்டு நின்றார்கள்.