மூன்றாம் மாடிக்குப் போன சமையலறை

லிஃப்ட் மெக்கானிக் வீட்டுச் சமையலறை முதன்முதலாக மூன்றாம் மாடிக்கு ஏறியது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஒன்றரை டம்ளர் அரிசியோடு. முந்தின நாள்தான் அவர் மின்சாரக் குக்கரைக் கழற்றியிருந்தார். அரிசி வேகுமுன்பே சுவிட்ச் டக்கென்று எழும்பிவிடுகிறது என்பது மனைவியின் புகார். ஸ்பிரிங் மாற்ற வேண்டும். கடைக்குப் போகச் சோம்பல்பட்டு, எதையும் தூக்கிப்போடாத தன் டப்பாவிலிருந்து பழைய லிஃப்ட் ஸ்பிரிங் ஒன்றை நறுக்கி மாட்டினார். ஊர் லிஃப்டையெல்லாம் பார்த்துக்கொண்ட அவர் குடியிருந்த கட்டடத்தில், பாருங்கள், லிஃப்டே கிடையாது.

மனைவி சுவிட்சை அழுத்தியதும் சமையலறை மட்டும் தரைத்தளத்திலிருந்து கழன்று, பின்சுவரோரமாக ஏறி, அவளுடைய அக்காவின் ஜன்னலுக்கு நேரே நின்றது. அக்கா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். இருவருக்கும் முழங்கால் போய் நான்கு வருடம். ஒரே கட்டடத்தில் இருந்தும் முகம் பார்க்கவில்லை, ஃபோனில் சண்டை போட்டதோடு சரி.

"இளைச்சுட்டியேடி."

"நீதான் ஊதிப்போயிட்டேக்கா."

"சரி, பூண்டு வேணுமா?"

இருபத்திரண்டு நிமிடத்தில் தண்ணீர் வற்றியது, சுவிட்ச் எழும்பியது, சமையலறை இறங்கியது. அன்று முதல் அந்த வீட்டில் மூன்று வேளையும் சோறுதான்.

மூன்றாம் வாரம் குடியிருப்போர் சங்கச் செயலாளர் வந்தார். இரண்டாம் மாடியில் காயும் துணியெல்லாம் சாதக் கஞ்சி வாசனை அடிக்கிறதாம். மெக்கானிக்குக் கூச்சமாகிவிட்டது. முப்பது வருடத் தொழிலில் ஏறவில்லை என்றுதான் புகார் வந்திருக்கிறது, ஏறுகிறது என்று வந்ததில்லை. சரியான ஸ்பிரிங் வாங்கிவந்தார். ஞாயிற்றுக்கிழமை மாற்றிவிடுவதாக வாக்கும் கொடுத்தார்.

ஞாயிறு காலை ஸ்க்ரூடிரைவரோடு உள்ளே போனால் சமையலறையைக் காணோம். பின்பக்கம் போய் அண்ணாந்தார்.

"எப்ப இறங்குவே?"

"வெந்ததும்."

மதியமும் அதே பதில். வற்ற வற்ற ஒவ்வொரு டம்ளராகத் தண்ணீர் ஊற்றுகிறாள் என்று அவருக்குப் புரிந்தது.

"கூழாயிருக்குமே!"

"ஆகட்டும். எங்க ரெண்டு பேருக்கும் பல்லும் சரியில்ல," என்றாள் அக்கா, மேலிருந்து.

சாயங்காலம் அது இறங்கியபோது அவர் புது ஸ்பிரிங்கை டப்பாவில் போட்டுவிட்டு, ஏறும்போது கிறீச்சிட்ட மூலையில் கொஞ்சம் கிரீஸ் தடவினார். இரண்டாம் மாடிக்காரர்கள் துணியை முன்பக்கம் காயப்போடத் தொடங்கினார்கள். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் இப்போதெல்லாம் சமையலறை இருக்கவேண்டிய இடத்தில் வானம் தெரிந்தால், சிலிண்டரைக் கூடத்தில் இறக்கிவைத்து, அதன்மேலேயே உட்கார்ந்து, சோறு வேகக் காத்திருக்கிறார்.