முனியாண்டி குடித்த இரண்டு போத்தல்

கனகராஜின் தண்ணீரை முனியாண்டி குடித்துவிட்டார். தப்பு முனியாண்டி மேல் இல்லை.

முப்பத்திரண்டு கிலோமீட்டர் தனியாக ஓடப்போகிறவன் குடிக்க வேண்டியதை முதல் நாளே வழியில் எங்காவது ஒளித்துவைக்க வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் கனகராஜ் காரில் போய் ஒளித்துவைத்த இடம், கோப்பெங்கைத் தாண்டிப் பழைய ரப்பர் தோட்டத்துச் செம்மண் பாதையில் இருக்கும் முனியாண்டி கோயில். தொழிலாளர் லயங்களை இடித்து எண்ணெய்க்காகச் செம்பனை நட்டவர்கள், இவரை மட்டும் தொடப் பயந்து விட்டுவைத்திருந்தார்கள். கோயில், கனகராஜ் வீட்டிலிருந்து சரியாகப் பதினாறாவது கிலோமீட்டர். இரண்டு போத்தல் ஹண்ட்ரட் பிளஸ் பானம், ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு பொட்டலம் பேரீச்சை. புதரில் வைத்தால் குரங்கு எடுத்துவிடும். முனியாண்டி காலடியில் வைத்தால் எந்தத் திருடனுக்குக் கை வரும்? இந்த யோசனை தோன்றியபோது தன் மூளையைப் பற்றி அவனுக்கே கொஞ்சம் மரியாதை வந்தது.

அதோடு நின்றிருந்தால் பிழைத்திருப்பான். கோயில்வரை வந்துவிட்டுச் சும்மா போவதா என்று, போத்தல்களுக்கு முன்னால் ஒரு சூடத்தையும் ஏற்றி, விழுந்து கும்பிட்டு, நெற்றி நிறையத் திருநீற்றோடு வீடு திரும்பினான்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு சிம்பாங் பூலாயில் வீட்டு கேட்டைச் சாத்திவிட்டு ஓட ஆரம்பித்தான். வயது நாற்பத்தேழு. ஈப்போவில் ஒரு டயர் கிடங்கில் ஸ்டோர் கீப்பர். இளைத்துப் போனதைத் தவிர ஓட்டத்தால் அவனுக்கு வந்த லாபம் எதுவும் இல்லை. அதையும் சொந்தக்காரர்கள் சர்க்கரை வியாதி என்றுதான் பேசிக்கொண்டார்கள்.

தனியாக ஓடுவதில் கஷ்டம் காலுக்கு இல்லை, வாய்க்குத்தான். இரண்டு வருஷமாக அவன் பக்கத்தில் நண்பன் பத்துமலை ஓடினான். கனகராஜ் பேசுவான், பத்துமலை சிரிப்பான். மூச்சு வாங்கும்போதுகூட ‘ஹே’ என்று பாதிச் சிரிப்பாவது வரும். இப்போது பத்துமலை வருவதில்லை. நான்காவது கிலோமீட்டரில் சுண்ணாம்புக் கல் ஏற்றிய லோரி ஒன்று மூஞ்சியில் புழுதியை அப்பிவிட்டுப் போனது. “மச்சான், பவுடர் போட்டாச்சு, இனி பொண்ணு பார்க்கப் போலாமா?” என்று பக்கத்தில் திரும்பிக் கேட்டான். பக்கத்தில் சாலையோரத் தடுப்புக் கம்பிதான் இருந்தது. ஒன்பதாவது கிலோமீட்டரில் ஒரு நாய் துரத்தியது. அதனிடமும் ஒரு ஜோக் சொல்லிப் பார்த்தான். நாய் நின்று யோசித்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது.

பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளின் மேல் வெயில் ஏறியது. பன்னிரண்டாவதில் முழங்கால் முனகியது. பதினான்காவதில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இன்னும் இரண்டுதான், அங்கே இரண்டு போத்தல் இருக்கிறது என்று ஒவ்வொரு செம்பனையாக எண்ணிக்கொண்டு வந்தான். கோயில் இருக்கும் பாதையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் தூரம் கணக்காக வந்ததுதான் என்றும் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வந்தான். கோயிலைப் பார்த்துக்கொள்கிற காளியம்மா பத்துமலையின் அக்காள் என்பதும், பத்துமலை வீடு அங்கிருந்து மோட்டோவில் பத்து நிமிஷம் என்பதும் தற்செயல்.

முனியாண்டியின் கால் ஈரமாக இருந்தது. பிசுபிசுவென்ற அந்த ஈரத்தில் எறும்புகள் வரிசை போட்டிருந்தன. காளியம்மா குழாயடியில் உட்கார்ந்து இரண்டு காலிப் போத்தலைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

கனகராஜ் முதலில் கைக்கடிகாரத்தை நிறுத்தினான். மயங்கி விழுந்தாலும் அதை நிறுத்திவிட்டு விழுகிற பழக்கம்.

“வா தம்பி, ஏன் இப்படிக் கருவாடா வர்ற?” என்றாள் காளியம்மா. “கொஞ்சம் முன்ன வந்திருந்தா தீர்த்தம் கெடச்சிருக்கும். யாரோ மவராசன் படையல் வெச்சிட்டுப் போயிருக்கான். சூடம், பழம், எல்லாம் முறையா. புள்ள வரம் கேட்டு வெச்சிருப்பாங்கன்னு ஒரு போத்தல அய்யாவுக்கே ஊத்திட்டேன். இன்னொன்னு சித்தியவான்லேர்ந்து வேன்ல வந்தவங்களுக்குக் குடுத்தேன். பழம் ஒன்னுகூட மிச்சமில்ல லா.”

கனகராஜ் போத்தலையே பார்த்தான்.

“அலாமா!” காளியம்மா எழுந்துவிட்டாள். “நீயா வெச்ச?”

“ஆமாக்கா.”

“வரமா கேட்ட? இந்த வயசுலயா?”

“முழங்காலுக்குக்கா. புள்ளைங்க ரெண்டு போதும்.”

அவள் சிரிக்கவில்லை. குழாயில் வந்த தண்ணீர் டீ நிறத்தில் இருந்தது. அதைக் குடிக்காதே என்று தடுத்தாள். வெயிலையும் அவன் உதட்டையும் பார்த்தாள். அவன் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டுவதற்குள் கைப்பேசியை எடுத்துவிட்டாள். “டேய் பத்துமலை, தண்ணி எடுத்துக்கிட்டுக் கோயிலுக்கு வா. யாருக்கா? வந்து பாரு.”

கனகராஜ் படியில் உட்கார்ந்தான். எட்டு மாதமாக இந்த நிமிஷத்துக்குத்தான் அலைந்துகொண்டிருந்தான். அது வந்ததும் எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

போன டிசம்பரில் பினாங்கு நெடுந்தூர ஓட்டம். நாற்பத்திரண்டு கிலோமீட்டரையும் சேர்ந்தே ஓடி முடிப்போம் என்று இதே முனியாண்டி முன்னால் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தது இருவரும்தான். முப்பத்தைந்தாவதில் பத்துமலைக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. ரோட்டோரத்தில் உட்கார்ந்து, “நீ போ மச்சான்” என்றான். கனகராஜ் போனான். நாலு மணி நேரம் இருபத்தொன்பது நிமிஷம். வாழ்க்கையில் முதல் தடவையாக நாலரை மணி நேரத்துக்குள். அந்தப் பதக்கம் இப்போது வீட்டில் சாமான் அறைக் கதவில் தொங்குகிறது. அவன் மனைவி ஷாமினி அதில் துடைப்பத்தை மாட்டுகிறாள்.

அடுத்த ஞாயிறு பத்துமலை வரவில்லை. கால் வலி என்றான். அடுத்து ஓவர்டைம். அடுத்து அக்காள் மகள் சடங்கு. “கோவமாடா?” என்று கேட்டால், “சேச்சே, கோவமெல்லாம் இல்ல லா.” ஷாமினியைக் கேட்டால், “அவரையே கேளுங்க.” காளியம்மாவைக் கேட்டால், “அவன் எப்பவும் அப்படித்தான்.” போகச் சொன்னது அவன்தானே என்று கனகராஜ் நண்பர்களிடம் சொல்லிப் பார்த்தான். எல்லோரும் தலையாட்டினார்கள். தலையாட்டிய விதம்தான் சரியில்லை. இந்த வருஷ ஓட்டத்துக்குப் பெயர் கொடுக்க இன்றைக்குக் கடைசி நாள். இரண்டு பெயரையும் எழுதி அனுப்பாமல் வைத்திருந்தான்.

மோட்டோ சத்தம் கேட்டது. கனகராஜின் கண் தன்னால் கடிகாரத்துக்குப் போனது. பன்னிரண்டு நிமிஷம்.

பத்துமலை ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. கண்ணாடியை மட்டும் தூக்கிவிட்டு, பெரிய போத்தல் ஒன்றை நீட்டினான். ஐஸ் தண்ணீர். கனகராஜ் பாதியைக் குடித்து, பாதியைத் தலையில் ஊற்றிக்கொண்டான்.

“மெல்லக் குடி” என்றான் பத்துமலை.

“முனியாண்டி மெல்லவா குடிச்சாரு? ஒரே மடக்கு.”

‘ஹே’ வரவில்லை.

“ஏறு, வீட்ல விடுறேன்.”

“இன்னும் பதினாறு இருக்குடா. ஓடிருவேன்.” கனகராஜ் நனைந்த பனியனின் நுனியை முறுக்கிப் பிழிந்தான். “ராத்திரியோட பேர் குடுக்கிறது முடியுது. உன் பேரையும் எழுதி வெச்சிருக்கேன். அனுப்பவா?”

“வேலை இருக்கு மச்சான். பார்க்கலாம்.”

“டிசம்பருக்கு இப்பவே வேலை இருக்கா?”

பத்துமலை மோட்டோவின் சாவியைத் திருகினான். காளியம்மா, கழுவின போத்தலையே மறுபடியும் கழுவினாள்.

“டேய்” என்றான் கனகராஜ். குரலில் இருந்த வேடிக்கையெல்லாம் வியர்வையோடு வடிந்துவிட்டிருந்தது. “நீதானே போகச் சொன்ன?”

“சொன்னேன்.”

“அப்புறம் என்னடா? அடிக்கணும்னா அடி. கோவமில்லன்னு மட்டும் சொல்லாத. எட்டு மாசமா அத கேட்டுக் கேட்டுக் காது புளிச்சிப் போச்சு.”

பத்துமலை சாவியை விட்டான். ஹெல்மெட்டைக் கழற்றி டேங்கின் மேல் வைத்தான்.

“போனதுக்கு இல்ல மச்சான். போகச் சொன்னேன், போன, சரி. ஒரு முப்பது அடி போய்த் திரும்பிப் பார்த்த. நான் அதுக்குள்ள பயந்துட்டேன். கால் மரக்கட்டையா இருந்திச்சு, நெஞ்ச வேற அடைச்சிது. வான்னு கைய தூக்கினேன். நீ என் கையப் பார்த்த. அப்புறம் வாட்ச்சப் பார்த்த. அப்புறம்தான் ஓடின.” அவன் கனகராஜின் மணிக்கட்டைக் காட்டினான். “இப்ப நான் வரும்போதும் அதத்தான் பார்த்த. உனக்குத் தண்ணி குடுப்பேன், எப்ப கூப்பிட்டாலும் கொண்டாந்து குடுப்பேன். உன்கூட ஓட மாட்டேன். என் பேர அடிச்சிரு.”