எழுப்புகிற குரல்

அவள் கன்னத்தில் நீல வெளிச்சம் விழுந்து கிடக்கிறது, எழுப்பப் போன என் கை அந்தரத்திலேயே நிற்கிறது, எனக்கு முன்னால் அவளுடைய புதுப் போன் கூவிவிட்டது, செல்லக்கனி கண்ணைத் திறக்காமலே அதைத் தடவி அமர்த்துகிறாள், நேற்றுவரை அந்தத் தடவல் என் விரலுக்குக் கிடைத்தது, நேற்றா, இல்லை, தென்காசியிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் திருப்பூருக்கு வந்த புதிதிலா, பனியன் கம்பெனிக்குப் பின்னால் இந்த ஒற்றை அறை, ஒரே பாய், இருட்டினால் கழிப்பறைக்குப் போக என்னைத்தான் கூப்பிடுவாள், ஏட்டி வாயேன், பயமா இருக்கு, போகிற வழியெல்லாம் என் மணிக்கட்டு அவள் பிடியில் இருக்கும், இப்போது டார்ச்சைப் போட்டுக்கொண்டு தனியாகப் போகிறாள், பொட்டு நேராக இருக்கா என்று என் முகத்தருகே முகத்தை நீட்டியவள் கேமராவைத் திருப்பிப் பார்த்துக்கொள்கிறாள், அவளுக்கு வாசிக்க வராது, நான் ஒன்பதாவதோடு நின்றவள்தான், ஆனாலும் பஸ் போர்டை வாசித்துச் சொல்லும்போது டீச்சர் மாதிரி நிமிர்ந்து நின்றிருக்கிறேன், அதையும் பிடுங்கிக்கொண்டது, போனைப் போர்டுக்கு நேரே காட்டினால் போதும், உள்ளேயிருந்து ஒரு பெண் சொல்கிறாள், பழைய பேருந்து நிலையம், என்னைவிடத் திருத்தமாக, எனக்கு வயிறு எரிகிறது, மனுஷியாக இருந்தால் முடியைப் பிடித்து இழுக்கலாம், இதை என்ன செய்ய.

ஒருநாள் கேட்டேவிட்டேன், நான் எதுக்குட்டி இருக்கேன், எல்லாத்தையும் அதுகிட்டயே கேளு, அதையே கட்டிக்க. செல்லக்கனி சிரிக்கவில்லை, துவைத்த பாவாடையை மடித்துக்கொண்டே சொன்னாள், ஆவணியில கல்யாணம் வச்சிட்டாங்கட்டி, மாப்பிள்ளைக்கு பூனாவுல கடை, அங்க உன்ன எங்க போயி தேடுவேன், அதான் நீ பக்கத்துல இருக்கும்போதே நீ இல்லாம பழகிப் பாக்கேன், ஒண்ணொண்ணா.

பாவாடையை வைத்துவிட்டு போனை என் வாய்க்கு நேரே நீட்டுகிறாள், சிவப்புப் புள்ளி மினுங்குகிறது, இது மட்டும் பழக மாட்டேங்கு, இந்த அலாரச் சத்தத்துல முழிச்சா நாளெல்லாம் நெஞ்சு படபடங்கு, நீ எழுப்புற மாதிரி எழுப்பு. வெட்கமாக இருக்கிறது, கனி, எந்திரிட்டி, விடிஞ்சிட்டு, என்கிறேன், அவள் அதைக் காதோடு வைத்துக் கேட்கிறாள், இன்னொரு தரம் கேட்கிறாள்.

ஆவணி வந்ததா, போய்விட்டதா, நான் பார்த்தே இராத பூனாவில் ஒரு கன்னம் வெளிச்சத்துக்குத் திரும்புகிறது, கனி எந்திரிட்டி என்கிறேன், இங்கே பாயில் கிடக்கும் நான் இல்லை, போனுக்குள் போன அந்தக் குரல், எனக்கு இப்போது அதன்மேல்தான் எரிகிறது, என்னை விட்டுவிட்டு ரயிலேறிப் போய்விட்டது, தினமும் அவள் விரல் படுகிறது அதன்மேல்.