மேல் தாழ்ப்பாள்

எங்கள் சமாதான மன்றத்திலிருந்து ஒரு குடும்ப வழக்குகூட இதுவரை போலீசுக்குப் போனதில்லை. அதைப் பெருமையாகப் பலகையில் எழுதி வாசலில் மாட்டியிருக்கிறார்கள். எப்படிப் போகும்? புருஷன் அடித்தான் என்று ஸ்டேஷனில் போய் நின்றால், "மன்றத்துல பேசுங்க, அவங்களால முடியலைன்னு எழுதிக் குடுத்தா வாங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்தக் கடிதத்துக்குப் பெண்கள் நாங்கள் வைத்த பெயர் கைவிரிப்புச் சீட்டு. மன்றம் யாருக்கும் இதுவரை கையை விரித்ததில்லை.

என் தங்கச்சிக்கு அந்தச் சீட்டு வேண்டும். அது இல்லாமல் வீட்டை விட்டு வந்தால், சமாதானத்தை முறித்தவள் அவள் என்றாகிவிடும். முறித்தவளுக்குப் பிள்ளை கிடையாது என்பது மன்றத்தின் ஏற்பாடு. அவளுக்கு இருப்பது ஒரே பெண், இப்போதுதான் எழுதப் படிக்க ஆரம்பித்திருக்கிறது.

அவள் புருஷன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். பிள்ளைகளிடம் என்ன பொறுமை என்று தெருவே மெச்சும். வீட்டிலும் கத்தமாட்டான். அவளைப் படுக்கையறைக்குள் தள்ளி, உள்ளே தாழ்ப்பாள் போட்டுவிட்டு, அதன் பிறகுதான் கையை ஓங்குவான். கடைசியாக விழுந்த அடியில் அவளுக்கு இடது காது போய்விட்டது. மருந்துக்கடையில் நிற்கிறவள் நான். சொட்டு மருந்தால் அந்தக் காது திரும்பாது என்று தெரிந்தேதான் எடுத்துக் கொடுத்தேன். சும்மா இருக்க மனசு வரவில்லை.

மன்றம் கூடுவது வியாபாரிகள் சங்கத்து மாடியில். நடுவில் தலைவர், இரும்புச் சாமான் கடைக்காரர். ஒரு பக்கம் தச்சர். மறுபக்கம் ரிட்டயரான வாத்தியார், தலையாட்டுவதற்கென்றே. மின்விசிறி அவர்கள் தலைக்கு மேல் சுற்றும். எங்கள் பெஞ்சுக்குச் சத்தம் மட்டும் வரும்.

"மன்னிப்புக் கேளுப்பா" என்றார்கள் முதல் தடவை. "சரிங்கய்யா" என்றான், கேட்டான். "இனிமே கை வைக்கக் கூடாது." அதற்கும் "சரிங்கய்யா." வீட்டுக்குப் போய் வைத்தான். அடுத்த தடவை, குடியை விட்டுவிடு என்றார்கள். அவன் குடித்ததே இல்லை. அதற்கும் "சரிங்கய்யா" என்றான் பாருங்கள், அன்றிலிருந்து அவனுக்கு நான் வைத்த பெயர் அதுதான். எல்லாவற்றுக்கும் ஒத்துக்கொள்கிறவனிடம் பேச்சு முறிந்தது என்று யார் எழுதித் தருவார்கள்?

கெட்ட பெயர் எல்லாம் தங்கச்சிக்குத்தான். கேட்கிற காதைத் தலைவர் பக்கம் திருப்பி உட்கார்ந்திருப்பாள்.

"பெரியவங்க பேசறப்ப முகத்தத் திருப்பிக்கிறா பாருங்க" என்றார் வாத்தியார்.

"அந்தப் பக்கக் காது கேக்காதுங்க. அவர் அடிச்சதுல போயிடுச்சு" என்றேன்.

"அதுக்குத்தான் மன்னிப்புக் கேட்டாச்சேம்மா."

சரிங்கய்யா எதற்காவது முடியாது என்று சொன்னால்தான் எங்களுக்கு விடிவு என்று புரிந்தது. எதற்குச் சொல்வான்? தங்கச்சியைக் கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை.

"தாழ்ப்பாள்" என்றாள்.

அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்றேன். "ஐயா, அவ திரும்பிப் போகணும்னா, படுக்கையறைக் கதவுல இருக்கற உள்தாழ்ப்பாளக் கழட்டணும்."

மூவரும் சிரித்தார்கள். "நான் வித்துப் பொழைக்கிற சாமான் மேலயே கேஸ் போடறியேம்மா" என்றார் தலைவர். பிறகு அவனிடம், "சின்ன விஷயம். கழட்டிடலாம்ல?"

அவன் சிரிக்கவில்லை. முகம் கறுத்துவிட்டது. "புருஷன் பொண்டாட்டி படுக்கற ரூமுங்கய்யா. தாழ்ப்பாள் இல்லாம எப்படி? முடியாதுங்க."

முடியாதுங்க. எத்தனை படி ஏறி இறங்கியிருக்கிறோம் இந்த ஒரு சொல்லுக்காக. தங்கச்சி என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"முடியாதுன்னுட்டார் ஐயா. எழுதிக் குடுத்துடுங்க" என்றேன்.

"ஒரு தாழ்ப்பாளுக்காக மன்றத்தோட பேரக் கெடுக்கச் சொல்றியா?" என்றார் தலைவர். எழுந்து, அவன் தோளில் கை போட்டு, வெளியே வராந்தாவுக்கு அழைத்துப் போனார். கொஞ்ச நேரம் கிசுகிசுப்பு. திரும்பி வந்தபோது சரிங்கய்யா பழைய சரிங்கய்யாவாக இருந்தான்.

தீர்ப்பாயிற்று. பழைய தாழ்ப்பாளைத் தச்சரே நாளைக் காலை போய்க் கழற்றிவிட வேண்டும். தங்கச்சி இன்றே வீட்டுக்குப் போக வேண்டும்.

"நீ கேட்டதே கிடைச்சிடுச்சு. இன்னும் என்னம்மா?" என்றார் தலைவர். அவன் முன்னால் இறங்க, அவள் பின்னால் இறங்கினாள்.

மறுநாள் மூன்று மணி வாக்கில் தச்சர் கடைக்கு வந்தார். விரலில் ஒட்ட பிளாஸ்திரி வேண்டுமாம்.

"கழட்டிட்டீங்களா?" என்றேன்.

"கழட்டிட்டேன். துருப்பிடிச்சுக் கிடந்தது, ஸ்க்ரூ டிரைவர் வழுக்கி விரல்ல ஏறிடுச்சு. புதுசு நல்ல கனம்மா."

"எது புதுசு?"

"மேல போட்டது. தலைவரே அவர் கடையிலேருந்து எடுத்துக் குடுத்தாரு." நான் பார்த்த பார்வையில் அவர் குரல் இறங்கியது. "பழசக் கழட்டணும்னுதானே தீர்ப்பு? புதுசு போடக் கூடாதுன்னு நீயும் கேக்கலையேம்மா."

வராந்தாவில் பேசியது இதைத்தான். பிளாஸ்திரியை மேசையில் போட்டுவிட்டு ஓடினேன்.

தங்கச்சி தனியாக இருந்தாள். அவன் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கு வேனோடு போயிருந்தான். படுக்கையறைக் கதவின் உச்சியில் புதுத் தாழ்ப்பாள் பளபளத்தது. நான் கேட்காமலே அவள் குதிகாலை எக்கிக் கையை நீட்டிக் காட்டினாள். ஒரு சாண் எட்டவில்லை.

"ஸ்டூல் ஒண்ணு இருந்துச்சே?"

"காலையில அத எடுத்து வேன்ல போட்டுக்கிட்டார்."

"போதும், வா. சீட்டு கிடக்கட்டும், என்கூடக் கெளம்பு."

"பிள்ளையும் அந்த வேன்லதானக்கா வரணும்" என்றாள்.

பிறகு வாசலுக்கு வந்து, கேட்கிற காதைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டு நின்றாள்.