மெத்தைக்காரருக்கு முதுகுவலி

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையைத் தேடி நான் போகவில்லை. முதுகுவலிக்கு மெத்தை வாங்கப் போனேன். கடைக்காரர் என்னைப் படுக்கவைத்து, எங்கே வலி, படுத்தால் குறைகிறதா என்று அக்கறையாகக் கேட்டார். கேட்டவரோ என்னைவிட வளைந்து நின்றார். மெத்தையை விட்டுவிட்டு அவரைக் கதையாக்கிக்கொண்டு வந்தேன். வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

முதல் வரி: "மெத்தைக்காரரின் முதுகில் விதி ஏறி..." சீ, வேண்டாம். மனுஷன் தாங்கமாட்டார்.

2

மெத்தைக்காரருக்கு மாசக்கணக்கில் வலி. கடை மெத்தைகளை ஒவ்வொன்றாக வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படுத்துப் பார்த்தார். ரப்பர், பஞ்சு, ஸ்பிரிங். அவர் மனைவி பஸ் ஓட்டுகிறவள். எதில் படுத்தாலும் அடித்துப்போட்டாற்போல் தூங்குவாள்.

"நாளெல்லாம் ஸ்டியரிங் பிடிக்கிற எனக்கு வலிக்கல, மெத்தையைத் தடவிக் கொடுக்கிற உங்களுக்கு வலிக்குதாக்கும்!"

கேலிதான். ஆனால் பெல்ட்டை இறுக்க அவர் புதிதாக ஒரு துளை போட்டிருந்ததைப் பார்த்ததும் கேலியை நிறுத்தினாள்.

"என்னங்க, டாக்டர்கிட்ட போலாமா?"

"அட, இந்த மெத்தை சரியில்லம்மா."

(இங்கே எனக்கே அவர்மேல் சந்தேகம். முதுகுவலியை ஊரெல்லாம் சொல்கிறவர், கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஏன் அவ்வளவு நேரம் இருக்கிறார்? எழுதுகிற என்னிடமே மறைக்கிறார்.)

3

மறுநாள் அவள் யூனிஃபார்மோடு கடைக்கு வந்தாள். [முதலில் இங்கே மழை பெய்தது. எடுத்துவிட்டேன்.]

"இன்னிக்கு நான்தான் கடைக்காரி. படுங்க சார்."

அவர் சிரித்துக்கொண்டே படுத்தார்.

"எங்க வலிக்குது?"

"அடிமுதுகுல மேடம்."

"படுத்தா குறையுதா?"

"இல்லீங்க."

"வெளிக்குப் போறதெல்லாம் சரியா இருக்கா?"

இது அவர் யாரிடமும் கேட்காத கேள்வி. மனைவியிடம் சொல்ல வாய்வராதது கடைக்காரியிடம் வந்தது.

"ரத்தம் போகுது மேடம். கொஞ்ச நாளாவே."

"அட பாவி மனுஷா!" தோளில் ஒன்று வைத்தாள். பிறகு அதே மெத்தையில் உட்கார்ந்து அழுதாள். "என்கிட்ட என்ன வெக்கம் உங்களுக்கு?"

"பயம்மா. நீ நிம்மதியா தூங்குற. அதைக் கெடுக்க மனசு வரல."

4

டாக்டர் சொன்னார்: "வெறும் முதுகுவலின்னா பெரும்பாலும் தசை, எலும்பு சமாச்சாரம்தான். பெருங்குடல் புற்றுநோய்லயும் சில சமயம் முதுகு வலிக்கலாம். வேற அறிகுறியே இல்லாம முதுகுவலி மட்டும் வர்றது அபூர்வம். உங்களுக்கு ரத்தமும் போகுது, எடையும் குறைஞ்சிருக்கு. மூலமாகூட இருக்கலாம். குடலுக்குள்ள கேமரா விட்டுப் பார்த்துடுவோம்."*

* மெத்தை மாற்றியது தப்பில்லை, மெத்தையோடு நிறுத்தியதுதான் தப்பு என்றும் சொன்னார். கதையின் ஓட்டம் கெடுகிறதே என்று கீழே போட்டேன்.

பார்த்தாயிற்று. உள்ளிருந்து எடுத்த துணுக்கைச் சோதித்து முடிவும் வந்துவிட்டது. கவர் என் மேசைமேல் இருக்கிறது.

முடிவு ஒன்று: பயப்பட ஒன்றுமில்லை என்று தெரிந்து இருவரும்... வேண்டாம். நீங்களும் "அப்பாடா" என்று உங்களுடையதை மூடிவைத்துவிடுவீர்கள்.

முடிவு இரண்டு: புற்றுநோயேதான், ஆனால் நேரத்தோடு கண்டுபிடித்ததால்... இதுவும் வேண்டாம். பயந்துபோய் வாயே திறக்கமாட்டீர்கள்.

ஆகவே, வாசிக்கிறவரே, வீட்டில் சொல்லாமல் வைத்திருப்பது ஏதாவது இருந்தால் எழுந்துபோய்ச் சொல்லிவிட்டு வாருங்கள். அப்புறம்தான் கவரைப் பிரிப்பேன். வெளியே பெஞ்சில் அவர்கள் இரண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கொஞ்சம் சீக்கிரம் வாருங்கள், பாவம்.