வேகமாக ஓடுகிற லினக்ஸ்

நெரெய்டாவுக்குச் சந்தேகம் வந்ததே அந்த வேகத்தைப் பார்த்துத்தான். அவளுடைய கிழட்டுக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் திறப்பதற்குள் காபி போட்டுக் குடித்துவிடலாம். இன்று தொட்டதும் திறந்துகொள்கிறது. பக்கத்து வீட்டு ஓஸ்னியல், பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் பார்க்கிறவன், விண்டோஸுக்குப் பதிலாகப் போட்டுக்கொள்ளச் சொல்லி பென் டிரைவில் கொண்டுவந்த மூன்றாவது லினக்ஸ் இது. முதலாவது பாதியில் உறைந்து நின்றது. இரண்டாவதுக்குப் பிரிண்டரைக் கண்டாலே ஆகவில்லை. அவையும் நன்றாக ஓடும் என்றுதான் இவன் சத்தியம் செய்திருந்தான்.

சாந்தா கிளாரா நகர வானொலிக்கு அவள் எழுதும் நாடகத்தின் கடைசிப் பகுதியை மாலைக்குள் கொடுத்தாக வேண்டும். இன்னொரு முறை தாமதமானால் வேறு ஆளைப் பார்ப்பேன் என்று இயக்குநர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். பயமாகத்தான் இருந்தது.

"எப்படிடா இவ்ளோ வேகம்? எதையோ விட்டுட்டுத்தான ஓடுது?"

"லேசானது அக்கா. எல்லாம் மெமரியிலயே ஓடும், டிஸ்க்கத் தொடவே தொடாது."

"அப்ப நான் எழுதுறது எங்க போய் உக்காருது?"

"ஷட்டவுன் பண்றப்ப பென் டிரைவுல ஏறிக்கும்."

அவள் ஏதோ ஒரு வரி தட்டினாள், சேமித்தாள், குனிந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

"ஐயோ அக்கா! இப்படியா பிடுங்குவாங்க?"

"ஏண்டா, நம்ம ஊர்ல கரண்ட் உன்கிட்ட சொல்லிட்டா போகுது?"

மறுபடி போட்டால் வரியைக் காணோம். ஓஸ்னியலின் காது சிவந்துவிட்டது. "எங்க யுனிவர்சிட்டில ஜெனரேட்டர் இருக்குக்கா... நான் அங்கதான் ஓட்டிப் பார்த்தேன்."

திட்டக்கூட அவளுக்கு நேரமில்லை. டிஸ்க்கிலேயே நிறுவச் சொன்னாள். இப்போது அது மூச்சு வாங்கிக்கொண்டு திறந்தது. அவளுக்கு அதுதான் பிடித்தது. மறுபடி பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தாள், வரி இருந்தது. அப்புறம்தான் எழுத உட்கார்ந்தாள். ஓஸ்னியல் வீட்டுக்குப் போகாமல் வாசல் பக்கமே நின்றான்.

நாயகி கணவனை அனுப்பிவைக்கும் இடம். எழுத்து தானாக வந்துகொண்டிருந்தது, சேமிக்கிற நினைப்பே இல்லை. மின்விசிறி ஓய்ந்து நின்றது. தெருவில் யாரோ அரசாங்கத்தை வாயாரத் திட்டினார்கள். திரை கறுத்திருந்தது.

"சேமிச்சீங்களாக்கா?"

அவள் எழுந்து வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"மறக்கறதுக்குள்ள சொல்றேன், மனசுல வாங்கிக்கோ. 'போறதுன்னா போ. உன் சட்டையெல்லாம் துவைச்சு வச்சிருக்கேன். ஈரம் காயற வரைக்கும் மட்டும் இருந்துட்டுப் போ.'"

அவன் தலையாட்டினான். அவள் பிடியை விடவில்லை, கண்ணை இடுக்கி அவனைப் பார்த்தாள்.

"எங்க, திருப்பிச் சொல்லு."