அம்மாவின் பாவசங்கீர்த்தனம்

...வெளியே போ என்று பங்குச் சாமியார் சொல்லவில்லை, கதவைப் பார்த்தார், அவ்வளவுதான், நானே எழுந்து வந்துவிட்டேன், சாகக் கிடக்கிறவர் பாவத்தையெல்லாம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது பெற்ற பிள்ளையானாலும் உள்ளே இருக்கக் கூடாது, அது தெரியும், ஆனால் அம்மாவுக்குக் காது கேட்காதே, மெல்லப் பேசவும் வராதே, அதை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை... “நான் பாவி, சாமி” என்று அம்மா தொடங்கியது தகரக் கதவைத் தாண்டி வாசல் வரைக்கும் வந்தது. “உங்கம்மாவுக்கு மைக் செட்டே வேணாம் போல” என்று என் வீட்டுக்காரர் சவுரியப்பன் சிரித்தார். “உங்க பாவத்தச் சொல்ல ஆரம்பிச்சா சாமி மத்தியானம் சோத்துக்குப் போவ முடியாது, தெரியுங்களா?” என்றேன். பீடியை எடுத்துக்கொண்டு தெருப் பக்கம் நடந்தார். நான் போகவில்லை. சுவரை ஒட்டி உட்கார்ந்தேன். எத்தனை வருஷம் காத்திருந்த பேச்சு இது... கடத்தூர்க் கல்யாணத்தில் பந்தியில் இடம் பிடிக்கிற சண்டையில்தான் சின்னம்மா மாதம்மாள் அதைக் கொட்டினாள், “மூணாவதும் பொட்டப்புள்ளன்னு உன்னப் பொறந்த அன்னைக்கே முடிச்சிருப்பாங்கடி, எருக்கம்பாலு கிண்ணத்துல தயாரா இருந்துச்சு, ஒரு கை தட்டிவுட்டதால பொழச்ச.” கோயிலுக்குப் போகிற குடும்பம்தான், இருந்தும்... யார் கிண்ணத்தைப் பிடித்தது, யார் தட்டிவிட்டது, அதைச் சொல்லாமலே சின்னம்மாவும் போய்ச் சேர்ந்தாள். அம்மாவிடம் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. வயசான பிறகு மடத்து சிஸ்டர் வைத்த மாலை வகுப்பில் எழுத்துப் படித்தேன், பஸ் பெயர் வாசித்தேன், மருந்து அட்டை வாசித்தேன், பூசையில் வாசகம்கூட வாசித்தேன், எழுத்து வந்தால் எல்லாமே தெரிந்துவிடும் என்று ஒரு பேராசை, இதை மட்டும் ஏன் ஆண்டவரே மூடி வைத்தீர் என்று அவரோடு சண்டைகூடப் போட்டேன்...

“மூணாவது புள்ள பொறந்தப்போ, சாமி...” அம்மாவின் குரல். இன்னும் ஒரே வார்த்தை, வந்துவிடும். பக்கத்து வீட்டு நிர்மலா துணி உதறுவதை விட்டுவிட்டு வேலியோரம் வந்து நின்றாள், அவளுக்கும் காது இருக்கிறதே. கொட்டை எடுத்துக் கொடுக்கச் சொல்லிக் காரிமங்கலம் வியாபாரி இறக்கிவிட்டுப் போன புளி மூட்டை வாசலில் இருந்தது. என் கையில் இரும்புத் தடி எப்போது ஏறியதோ, பழத்தைக் கல்லில் வைத்து ஓங்கித் தட்டினேன், கொட்டை தெறித்து ஓடியது, இன்னொன்று, இன்னொன்று. இப்படித் தட்டினால் கொட்டை நொறுங்கிப் புளி கெட்டுப்போகும், தெரியும், தெரிந்துதான் தட்டினேன். “இன்னைக்கி என்னக்கா இம்மா வேகம்?” என்றாள் நிர்மலா. “வியாபாரி வர்றாரு கண்ணு, நீ போயி உன் சோலியப் பாரு.” தட்டத் தட்ட உள்ளே பேச்சு நடந்துகொண்டே இருந்தது, நடுவில் ராஜாமணி என்று என் பெயர் கேட்டதா, கேட்கவில்லையா, இன்னும் ஓங்கித் தட்டினேன். அம்மாதான் பிடித்தாள் என்றால் நாளைக் காலை எந்தக் கையால் கஞ்சி ஊட்டுவேன்? அம்மா தட்டிவிட்டாள் என்றால் பிடித்தது அப்பாவா, தோளில் தூக்கித் தேர் காட்டிய அப்பாவா, அவர் கல்லறைக்கு எந்த மனசோடு மெழுகுவத்தி கொண்டுபோவேன்? தெரியாததால்தானே இரண்டு பேரையும் முழுசாக வைத்திருக்கிறேன்... இத்தனை காலம் இரண்டு பேரையும் நேசிக்க விட்டீரே, தோத்திரம் ஆண்டவரே, உம்மோடு போட்ட சண்டையை மனசில் வைக்காதேயும்.

“உள்ள போங்கம்மா” என்று சாமியார் வெளியே வந்தார், சின்ன வயசுக்காரர், இனிமேல் இதைச் சுமக்க வேண்டியவர், என் தலையில் கை வைத்தார், கொஞ்சம் அதிக நேரம் வைத்தாரோ, முகத்தைப் பார்த்தால் எதையாவது படித்துவிடுவேன் என்று குனிந்துகொண்டேன். அம்மா கண்ணை விழித்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். “வெளிய எதுனா கேட்டுச்சா?” அவள் கை என் சேலையைப் பிடித்திருந்தது, பயந்த பிடி. காதோடு வாய் வைத்து, “ஒண்ணுங் கேக்கலம்மா, புளி தட்டிக்கிட்டு இருந்தேன்” என்றேன். பிடி தளர்ந்தது, தூங்கப்போகிற பிள்ளையின் முகமாயிற்று அந்த முகம். எனக்காகத்தான் ஆண்டவர் மறைத்து வைத்தார் என்றல்லவா இப்போதுதான் நன்றி சொன்னேன், அம்மாவுக்காகவும் இருக்குமோ, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே அவள் சாகட்டும் என்று... அப்படியென்றால் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவரும் எங்களுக்கு நடுவில் உட்கார்ந்து, இத்தனை காலம், எனக்குக் கேட்காதபடி எதையோ ஓங்கித் தட்டிக்கொண்டேதான் இருந்தாரோ...